சிறு கிட்டார் ஏன் பாடுவதில்லை?

ஒன்றைப் போலவே மற்றொன்றைச் செய்து பார்ப்பது மனிதனின் பழைய ஆசை. குழந்தை மரப்பாவையைப் பெற்ற பிள்ளையாக எண்ணித் தாலாட்டுகிறது. தேர்த்திருவிழாக் கண்டு வந்த சிறுவன் சிறு தேர் கட்டித் தெருவில் இழுக்கிறான். வளர்ந்த பின்னும் அந்த ஆசை மறைந்து விடுவதில்லை. உருவம் மாறி நிற்கிறது. நம் விடுதியிலே சில அறைகளில், பாடநூல்களுக்கு நடுவே, ஒரு சாண் நீளமுள்ள கிட்டார் ஒன்று சின்னஞ்சிறு தாங்கியில் நின்றுகொண்டிருப்பதை நண்பர்கள் பார்த்திருக்கலாம். ராக் இசையில் புகழ்பெற்ற கலைஞர் ஒருவரின் கருவியை நான்கில் ஒரு பங்காகச் சுருக்கி, ஏறத்தாழ 10 அங்குல நீளத்தில் மரத்தில் செய்த உருவம் அது. ஆறு தந்திகளும் உண்டு, முறுக்காணிகளும் உண்டு, நிறமும் உண்டு. இசை மட்டும் இல்லை.

இத்தகைய உருவங்களை மக்கள் ஏன் வாங்குகின்றனர் என்பது விளங்காத செய்தி அன்று. மூலக் கருவி எவர் கைக்கும் எட்டுவதில்லை. பிங்க் ஃபிளாய்டு குழுவின் டேவிட் கில்மூர் வாசித்த கறுப்புக் கிட்டார் 2019-இல் நியூயார்க்கு ஏலத்தில் 39 இலட்சத்து 75 ஆயிரம் டாலருக்குப் போயிற்று. மறு ஆண்டில் கர்ட் கோபேனின் கிட்டார் ஒன்று 60 இலட்சம் டாலரையும் தாண்டியது. கடலைக் கொண்டுவர முடியாதவன் ஒரு சங்கைக் கொண்டுவந்து வைத்துக்கொள்வதில் தவறில்லை.

ஆயினும் பௌதிகம் பயிலும் மாணவன் ஒருவனுக்கு இதில் ஒரு கேள்வி எழாமற் போகாது. எல்லா உறுப்புகளையும் ஒரே விகிதத்தில் பிழையின்றிச் சுருக்கினால் இசையும் அதே விகிதத்தில் சுருங்கி வருமா? வாராதென்றால் ஏன்? இவ்வினாவுக்கு விடை காணவே இக்கட்டுரை. சான்றாக ஒரே ஒரு கிட்டாரை எடுத்துக்கொள்வோம். அதை நான் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அது கடையில் பிறந்ததன்று. ஒரு மாணவன் கையில் பிறந்தது.

செந்நிறக் கிட்டாரின் பிறப்பு

பிரையன் மே என்பவர் குவீன் என்னும் ஆங்கிலேய இசைக்குழுவின் கிட்டார்க் கலைஞர். அக்குழுவின் பாடகர் பிரெடி மெர்க்குரி நம் நாட்டில், மகாராட்டிர மாநிலத்துப் பாஞ்ச்கனியில் பள்ளிப்படிப்புப் படித்தவர் என்பது பலருக்கும் தெரியும். பிரையன் மேயின் படிப்பைப் பற்றிப் பேசுவோர் குறைவு. 1947-இல் பிறந்த அவர் இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் பௌதிகம் பயின்று 1968-இல் பட்டம் பெற்றார். பின்பு சூரியனைச் சூழ்ந்துள்ள அண்டத் தூசியைப் பற்றி ஆராயத் தொடங்கினார். இசைக்குழு புகழ் பெறவே 1974-இல் ஆராய்ச்சியை விட்டார். விட்டதை மீண்டும் எடுத்து, 2007-இல், தம் அறுபதாம் அகவையில், டாக்டர் பட்டம் பெற்றார்.

இவையெல்லாம் பின்னால் நடந்தவை. 1963-இல் அவர் பதினாறு வயதுப் பள்ளி மாணவர். கடையிலிருந்த நல்ல மின்கிட்டார்களின் விலை அந்தக் குடும்பத்துக்கு எட்டாத விலை. தந்தை ஹரால்டு மே மின்னணுவியலில் தேர்ந்தவர், கைவேலையிலும் வல்லவர். “வாங்க முடியாவிட்டால் என்ன, செய்வோம்” என்று தந்தையும் மகனும் முனைந்தனர். அவ்வாண்டு ஆகஸ்டில் தொடங்கிய வேலை முடிய ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின.

என்னென்ன பொருள்களைக் கொண்டு செய்தனர் என்பதைக் கேட்டால் வியப்பு உண்டாகும். யாரோ வேண்டாமென்று கழித்த பழைய கணப்படுப்பின் மகாகனி மரச்சட்டம் கழுத்தாயிற்று. அதில் புழு துளைத்த ஓட்டைகளைத் தீக்குச்சிகளால் அடைத்தனர். பழைய மேசையின் ஓக்குப் பலகை உடலின் நடுப்பகுதி ஆயிற்று. 1928-ஆம் ஆண்டுப் பாந்தர் மோட்டார் சைக்கிளின் வால்வு சுருள்வில்கள் இரண்டு உள்ளே சென்றன. மிதிவண்டியில் பை மாட்டும் கம்பி சுருதியை அசைக்கும் கைப்பிடியாயிற்று. அதன் முனைக்குத் தாயாரின் பின்னல் ஊசித் துண்டு. மெட்டுகளுக்கிடையே அடையாளமாகப் பதித்த வெண்புள்ளிகள் அந்த அம்மையாரின் தையற் பெட்டியில் இருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். இப்படிப் பிறந்ததே ‘ரெட் ஸ்பெஷல்’ என்று உலகம் இன்று அழைக்கும் கிட்டார். 1985-இல் வெம்பிளி மைதானத்திலும், 2002-இல் பக்கிங்காம் அரண்மனைக் கூரையின் மேலும் ஒலித்தது இதுவே.

பழம்பொருள்களை ஒட்டவைத்த வேலை என்று இதை எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொரு பொருளுக்குப் பின்னும் ஒரு கணக்கு இருந்தது.

உள்ளே இருக்கும் பௌதிகம்

முதலில் சுருதியை அசைக்கும் அமைப்பு. தந்திகள் முடியும் உலோகப் பாளத்தைக் கைப்பிடியால் சாய்த்தால் தந்தி தளர்ந்து சுருதி தாழும். விட்டால் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். ஆனால் எங்கேனும் உராய்வு இருந்தால் தந்தி முழுதும் திரும்பாது; சுருதி கலைந்துவிடும். அக்காலத்துக் கிட்டார்கள் பலவற்றிலும் இக்குறை இருந்தது. தந்தையும் மகனும் அப்பாளத்தைக் கூரிய எஃகுக் கத்திமுனை ஒன்றின்மேல் ஊசலாடும்படி நிறுத்தினர். நம் ஆய்வுக்கூடத்துத் தராசின் கோல் எப்படிக் கத்திமுனைமேல் நிற்கிறதோ, அப்படியே. ஒரு பக்கம் ஆறு தந்திகளின் இழுப்பு. மறுபக்கம் மோட்டார் சைக்கிள் வில்களின் தள்ளல். இரண்டும் சமனாகும் இடமே சுருதி. தந்தியைத் தாங்கும் குதிரையிலும் சிறு உருளைகள் வைத்து, தந்தி உராயாமல் உருண்டு நகரச் செய்தனர்.

அடுத்தது தந்தியின் அசைவை மின்சாரமாக்கும் காந்தச்சுருள். காந்தத்தின் அருகே எஃகுத் தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் மாறும். மாறும் புலம் சுருளில் மின்னழுத்தத்தை எழுப்பும். 1831-இல் பாரடே கண்ட மின்காந்தத் தூண்டலே இது. மின்னழுத்தம் எவ்வளவு என்பது சுற்றுகளின் எண்ணிக்கையையும், புலம் மாறும் வேகத்தையும் பொறுத்தது. பிரையன் மே முதலில் தாமே சுருள் சுற்றிப் பார்த்தார். அடுத்தடுத்த காந்தங்களின் முனைகள் வடக்கும் தெற்குமாக மாறி மாறி நின்றமையால், தந்தியை விரலால் பக்கவாட்டில் வளைக்கும்போது ஓசை கெட்டது. ஆகவே பர்ன்ஸ் நிறுவனத்தின் சுருள்கள் மூன்றை வாங்கி, அவற்றுக்குள் அரால்டைட்டு ஊற்றி இறுக்கினார். சுருள் தானாக நடுங்கிக் கீச்சிடாமல் இருக்கவே இந்த ஏற்பாடு.

மூன்று சுருள்களையும் தொடரிணைப்பில் சேர்த்தார். ஒவ்வொன்றுக்கும் இரண்டு சுவிட்சுகள்: ஒன்று சுருளைச் சேர்க்கவும் நீக்கவும், மற்றொன்று அதன் முனைகளைத் திருப்பிவிட. திருப்பிவிட்டால் என்ன ஆகும்? இரு சுருள்களுக்கும் பொதுவான தாழ்ந்த ஒலிக்கூறுகள் எதிரெதிராகி அழியும். மேற்சுரங்கள் எஞ்சி நிற்கும். ஓசை மெலிந்து கூர்மையாகும். குறுக்கீட்டு விளைவு என்று நாம் ஒளியியலில் படிப்பதுதான் அங்கே இசையாகிறது.

கடைசியாக உடல். அதனுள்ளே வேண்டுமென்றே வெற்றிடங்கள் விட்டுச் செய்தார். ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஓசை கிட்டாரின் உடலை அசைக்கும். உடல் தந்தியை அசைக்கும். தந்தி மீண்டும் ஒலிபெருக்கியைப் பாடவைக்கும். இந்தச் சுழற்சியால் ஒரு சுரம் அழியாமல் நீண்டு நிற்கும். அந்த நீட்சியே அவர் விரும்பியது.

தந்தியின் விதி

இனி இந்தக் கருவியை நான்கில் ஒரு பங்காகச் சுருக்குவோம், தாளில் மட்டும். கணக்குக்கு வேண்டியது ஒரே ஒரு விதி. பிரெஞ்சு அறிஞர் மெர்சென் 1630-களில் வெளியிட்ட அவ்விதியை நாம் எல்லோரும் சோனாமீட்டரில் சோதித்திருக்கிறோம். தந்தியின் அதிர்வெண் அதன் நீளத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஓரலகு நீளத்தின் எடையினது வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும்.

செந்நிறக் கிட்டாரில் தந்தியின் அதிரும் நீளம் 24 அங்குலம். கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி 82.4 ஹெர்ட்ஸிலும், மிக உயர்ந்த தந்தி 329.6 ஹெர்ட்ஸிலும் ஒலிக்கும். உயர்ந்த தந்திக்கு 0.009 அங்குலத் தடிப்புள்ள எஃகுக் கம்பியைக் கொண்டால், அதற்கு வேண்டிய இழுவிசை ஏறத்தாழ 5.3 கிலோ எடை. சிறு உருவத்தில் தந்தியின் நீளம் 6 அங்குலம். இப்போது நமக்கு மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி: தந்தியின் தடிப்பையும் நான்கில் ஒன்றாக்கி, எஃகின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் முன்பு தாங்கிய அதே தகைவைத் தாங்கும்படி இழுத்துக் கட்டுவது. அப்போது இழுவிசையும் 16-இல் ஒன்றாகும், ஓரலகு நீளத்தின் எடையும் 16-இல் ஒன்றாகும், இரண்டும் ஈடாகிவிடும். நீளம் மட்டுமே கணக்கில் நிற்பதால் அதிர்வெண் நான்கு மடங்காகும். சுருதி இரண்டு ஸ்தாயி மேலே ஏறும். 82.4 ஹெர்ட்ஸ் தந்தி 329.6 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். அதாவது, சிறு கிட்டாரின் மிகத் தாழ்ந்த குரல் பெரிய கிட்டாரின் மிக உயர்ந்த குரலாகும்! பெரியதன் திறந்த தந்திகள் எங்கே முடிகின்றனவோ அங்கேதான் சிறியது தொடங்குகிறது. அது கிட்டாரின் குரல் அன்று, சிட்டுக்குருவியின் குரல்.

இரண்டாம் வழி: அதே மெல்லிய தந்தியைத் தளர்த்திப் பழைய சுருதிக்கே கொண்டுவருவது. அதற்கு இழுவிசை 256-இல் ஒன்றாக வேண்டும். 5.3 கிலோ எங்கே? ஏறத்தாழ 21 கிராம் எங்கே? தலைமயிர் அளவே தடித்த அத்தந்தி, மீட்டினால் துவண்டு மெட்டுகளில் அடித்துச் சலசலக்குமே தவிரப் பாடாது.

மூன்றாம் வழி: சுருதியும் பழையதாக, இழுவிசையும் பழையதாக இருக்கட்டும் என்பது. அதற்குத் தந்தியின் தடிப்பைக் குறைப்பதற்கு மாறாக நான்கு மடங்கு கூட்ட வேண்டும். ஆறு அங்குல நீளத்தில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே குறைந்த எஃகு! அது தந்தியாக இராது; கோலாகிவிடும். தந்தியின் இனிமை எதனால்? அதன் மேற்சுரங்கள் அடிச்சுரத்தின் இரண்டு, மூன்று, நான்கு என்னும் முழு மடங்குகளாக அமைவதனால். விறைப்பு மிகுந்தால் மேற்சுரங்கள் அந்த ஒழுங்கை விட்டு விலகும். விலகலை அளக்கும் எண் தடிப்பின் நான்காம் அடுக்குக்கு நேராகவும், நீளத்தின் வர்க்கத்துக்கு எதிராகவும் மாறுவது. ஆகவே இங்கே அது 256 × 16, அதாவது 4,096 மடங்கு பெருகுகிறது. இரும்புத் துண்டைத் தட்டிய ஓசையே கிடைக்கும்.

மூன்று வழிகளும் அடைபட்டன. செய்தவனின் திறமைக் குறைவால் அன்று. அளவு மாறினால் எல்லாம் ஒரே விகிதத்தில் மாறுவதில்லை என்னும் இயற்கை விதியால். நீளம் 4-இல் ஒன்றாகும்போது பரப்பு 16-இல் ஒன்றாகிறது. பருமனும் எடையும் 64-இல் ஒன்றாகின்றன. 4 கிலோ கிட்டார் 62.5 கிராம் ஆகிவிடுகிறது. சிறு விலங்கின் எலும்பை அப்படியே பெருக்கினால் பெரு விலங்கைத் தாங்காது என்று கலிலியோ 1638-இல் எழுதியதும் இந்த உண்மையைத்தான்.

விரல் சுருங்குவதில்லை

இன்னொரு தடை உண்டு. அது கணக்கில் வாராமல் கையில் வரும் தடை. மெட்டுகளின் இடைவெளி கிட்டாரில் மேலே போகப்போகக் குறையும். 24 அங்குலத் தந்தியில் முதல் இடைவெளி 34 மில்லிமீட்டர். இருபத்து நான்காம் இடைவெளி 9 மில்லிமீட்டர். சிறு உருவத்தில் இவை முறையே 8.6 மில்லிமீட்டரும் 2.3 மில்லிமீட்டரும் ஆகும். அதாவது, பெரிய கிட்டாரின் கடைசி இடைவெளியைவிடச் சிறு கிட்டாரின் முதல் இடைவெளி குறுகியது! விரலை வைத்தால் இரண்டு மூன்று மெட்டுகள் அதன் கீழே மறைந்துவிடும். கருவியைச் சுருக்கலாம், கருவியைத் தொடும் கையைச் சுருக்க முடியாது. கருவி என்பது தனித்து நிற்கும் பொருள் அன்று. மனித உடலின் அளவோடு ஒட்டிப் பிறந்தது. சிறுவர்க்கெனச் சிறிய கிட்டார் செய்வோர் இதை அறிந்தே எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் குறைப்பதில்லை. மெட்டுகளின் எண்ணிக்கையையும், தந்தியின் தடிப்பையும், சுருதியையும் தனித்தனியே எண்ணிப் பார்த்து அமைக்கின்றனர்.

மூன்று வகைப் படிகள்

இனிப் ‘படி’ என்னும் சொல்லை ஆராய்வோம். ஒரு பொருளை மூன்று வகையில் படியெடுக்கலாம்.

முதலாவது உருவத்தின் படி. நம் மேசைமேல் நிற்பது அது. கண்ணுக்கு உரியது, நினைவுக்கு உரியது. அதை இகழ வேண்டியதில்லை. ஆனால் அது கிட்டாரின் படம் போன்றதே; கிட்டார் அன்று.

இரண்டாவது செயலின் படி. முழு அளவில், வாசிக்கத்தக்கதாக, மூலத்தின் ஓசையைத் தருமாறு செய்வது. 1980-களில் அமெரிக்காவின் கில்டு நிறுவனம் செந்நிறக் கிட்டாரின் படிகளைச் செய்து விற்றது. 1990-களின் பிற்பகுதியில் ஆஸ்திரேலியக் கைவினைஞர் கிரெக் ஃபிரையர் மூலக் கருவியை நுணுக்கமாக ஆராய்ந்து மூன்று படிகள் செய்தார். பின்பு மூலத்தையே செப்பனிடும் பொறுப்பும் அவரிடம் வந்தது. தூரத்திலிருந்து பார்த்து இத்தகைய படியைச் செய்ய இயலாது. எந்த மரம், எவ்வளவு வெற்றிடம், எத்தனை சுற்று, எந்த முனைப்பு என்று ஒவ்வொன்றையும் அறிந்தாக வேண்டும். உருவத்தின் படிக்குக் கண் போதும். செயலின் படிக்கு அறிவு வேண்டும்.

மூன்றாவது வழியின் படி. அதாவது, அந்தப் பதினாறு வயது மாணவன் எப்படிச் சிந்தித்தானோ அப்படிச் சிந்திப்பது. வேண்டியது எது என்று தெளிதல். இருப்பது எது என்று தேடுதல். இடையிலுள்ள பள்ளத்தைப் பௌதிகத்தால் நிரப்புதல். தவறினால் பிரித்து மீண்டும் செய்தல். இந்தப் படியைச் செய்தவன் கையில் செந்நிறக் கிட்டார் இராது. வேறு ஏதோ ஒன்று இருக்கும். ஆயினும் மூன்றில் மூலத்துக்கு மிக நெருங்கியது இதுவே என்பேன்.

பிரையன் மே தம் வழியை மறைத்து வைக்கவும் இல்லை. சைமன் பிராட்லி என்பவருடன் சேர்ந்து 2014-இல் ஒரு நூலாகவே வெளியிட்டார். பழைய வரைபடங்களும், கிட்டாரின் எக்ஸ்-கதிர்ப் படங்களும் அதில் உள்ளன. விரும்பியவர் செய்து பார்க்கலாம் என்பதே அதன் பொருள்.

நம் கையில் உள்ளது

இதை ஏன் நம் மன்றத்து ஏட்டில் எழுத வேண்டும்? நம்மில் பலர் அறிவியல் மாணவர். ஊரையும் உற்றாரையும் விட்டு நெடுந்தொலைவு வந்து படிக்கிறோம். சூத்திரங்களை மனத்தில் ஏற்றியிருக்கிறோம். தேர்வில் எழுதியும் இருக்கிறோம். ஆனால் ஓர் அரத்தைப் பிடித்து உலோகத்தை அராவியவர் நம்மில் எத்தனை பேர்? ஆய்வுக்கூடத்தில் ஒரு கருவி பழுதுபட்டால் திறந்து பார்ப்பதற்கு முன்பே, புதியது எப்போது வரும் என்று கேட்கும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது. மூடிய பெட்டியில் பொத்தானை அழுத்தி எண்ணைக் குறித்துக்கொள்வதே ஆராய்ச்சி என்று எண்ணத் தொடங்கிவிட்டோம். இப்படியே போனால் நாம் அறிவியலின் உருவப் படிகளாக நிற்போம்: எல்லா உறுப்பும் இருக்கும், ஓசை இராது.

தொடங்குவது கடினம் அன்று. மாறுமின்னோட்டத்தின் அதிர்வெண் காணச் சோனாமீட்டர்க் கம்பியருகே மின்காந்தத்தைப் பிடித்த சோதனை நினைவிருக்கிறதா? மின்னோட்டத்தின் ஒவ்வொரு சுற்றிலும் எஃகுக் கம்பி இருமுறை இழுக்கப்படுவதால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் கம்பியை 100 ஹெர்ட்ஸில் அதிரச் செய்தது. அங்கே மின்சாரம் கம்பியை ஆட்டியது. கிட்டாரில் கம்பி மின்சாரத்தை எழுப்புகிறது. பாதியை நாம் ஏற்கெனவே செய்து முடித்திருக்கிறோம் அன்றோ? மறுபாதிக்கு வேண்டியவை: உறுதியான பலகை ஒன்று, எஃகுத் தந்தி ஒன்று (பித்தளை உதவாது, காந்தம் அதைக் கவராது), இறுக்க ஒரு திருகாணி, இரண்டு மரக் குதிரைகள், பழைய ரிலேயிலிருந்து கழற்றிய மெல்லிய கம்பிச் சுருள், அதன் நடுவே நிற்க ஒரு சிறு நிலைக்காந்தம், முடிவில் ஓர் ஒலிபெருக்கி. காந்தச்சுருளைக் குதிரையருகே வைத்தால் ஓசை கூர்மையாகவும், நடுவில் வைத்தால் பருமனாகவும் வருவதைக் கேட்கலாம். இரண்டாவது சுருளைத் தொடராகச் சேர்த்து, பின் முனைகளை மாற்றிச் சேர்த்தால், செந்நிறக் கிட்டாரின் சுவிட்சு செய்யும் வேலை நம் காதுக்கே புலப்படும்.

வரும் விடுமுறை நாட்களில் மன்ற நண்பர்கள் நால்வர் ஐவர் கூடி இந்த ஒற்றைத் தந்திக் கருவியைச் செய்ய முன்வர வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். மரவேலை தெரிந்த ஒருவரும், சுருள் சுற்றப் பொறுமையுள்ள ஒருவரும், சுருதி அறிந்த ஒருவரும் இருந்தால் போதும். அது அழகாக இராது. ஒருவரும் அதை விலைக்குக் கேட்க மாட்டார்கள். ஆனால் மீட்டினால் அது பாடும். ஏன் பாடுகிறது என்பதும் நமக்குத் தெரியும்.